மார்பக அல்ட்ராசவுண்ட் டோமோகிராஃபி: கணிப்பின் வேகம் குறித்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் புதிய கருவிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எக்ஸ் கதிரும் அழுத்தமும் இல்லாமல், நீருக்குள் ஒலியைச் செலுத்தி மார்பகத்தின் உட்புறத்தை வெட்டுமுகப் படங்களாகக் காட்டும் அல்ட்ராசவுண்ட் டோமோகிராஃபிக்கு அதில் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். படம் கிடைக்கச் சற்று நேரமாகும் என்ற குறிப்போடு அந்தப் பத்தி முடிந்துவிட்டது. அந்தச் சற்று நேரம் எங்கிருந்து வருகிறது, அதை எப்படிக் குறைக்கலாம், எப்படிக் குறைக்கக் கூடாது என்பதை வாசகர்கள் அறிய வேண்டும் என்று கருதியே இதை எழுதுகிறேன். நில அதிர்வு அலைகளைக் கணினியில் ஓட்டி, பூமிக்கு அடியில் இருப்பதை அறியும் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மண்ணுக்குள் பார்க்க நாங்கள் போட்ட அதே கணக்கைத்தான் இந்தக் கருவியும் போடுகிறது என்பதால், பேசுவதற்குச் சிறிது உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

உரிமைக்கு வேறொரு காரணமும் உண்டு. என் அக்காவுக்கு மேமோகிராம் எடுத்தபோது, திசு அடர்த்தியாக இருப்பதால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்று கூறி மறுபடி வரச் சொன்னார்கள். அடர்த்தியான திசுவும் கட்டியும் எக்ஸ் கதிர்ப் படத்தில் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரியும். வெள்ளைக்குள் வெள்ளையைத் தேட வேண்டியிருக்கிறது. மறு பரிசோதனைக்கும் அதன் முடிவுக்கும் இடையில் 11 நாட்கள் போயின. ஒன்றுமில்லை என்றுதான் முடிவு வந்தது. ஆனாலும் அந்த நாட்களில் அவர் சரியாகத் தூங்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2022-இல் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய 6,70,000 பேர் அதனால் இறந்தனர். பரிசோதனை செய்துகொண்டு முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண் குப்புறப் படுத்துக்கொள்ள, படுக்கையிலுள்ள திறப்பின் வழியே மார்பகம் நீர்த்தொட்டிக்குள் இறங்கியிருக்கும். அதைச் சுற்றி ஒரு வளையம். வளையம் முழுவதும் ஒலியை எழுப்பவும் கேட்கவும் வல்ல சிறு டிரான்ஸ்டியூசர்கள். ஒன்று ஒலி எழுப்ப, மற்றவை கேட்கும். பிறகு அடுத்தது எழுப்பும். ஓர் அடுக்கு முடிந்ததும் வளையம் சற்று நகர்ந்து அடுத்த அடுக்கை எடுக்கும். வழக்கமான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் திரும்பி வரும் எதிரொலியை மட்டுமே பயன்படுத்துகிறது. இங்கே ஊடுருவி மறுபக்கம் வந்த ஒலியும் பதிவாவதால், திசுவுக்குள் ஒலி எவ்வளவு வேகமாகச் சென்றது, எவ்வளவு தேய்ந்தது என்பவற்றையும் அளக்க முடிகிறது. கொழுப்பில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1450 மீட்டர். சுரப்பித் திசுவில் அதைவிட அதிகம். புற்றுக் கட்டிகளில் பெரும்பாலும் 1550 மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். எனவே வேகத்தின் வரைபடமே நோயைப் பற்றிப் பேசும் படமாகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் கிரீன்லீஃப் 1970-களிலேயே இந்தச் சிந்தனையைத் தொடங்கிவைத்தார். டெட்ராய்ட் ஆய்வாளர்களின் பணியிலிருந்து பிறந்த சாஃப்ட்வியூ என்ற கருவிக்கு, அடர்த்தியான மார்பகம் உடைய பெண்களிடம் மேமோகிராமுக்குத் துணையாகப் பயன்படுத்த, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021-இல் ஒப்புதல் அளித்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டுத் தாமதத்துக்குப் பெரும் பங்கு கணிப்பின் பாரத்துக்கு உண்டு.

அந்தப் பாரம் எவ்வளவு என்று பார்ப்போம். சாஃப்ட்வியூவின் வளையத்தில் 2048 டிரான்ஸ்டியூசர்கள் உள்ளன. அத்தகைய வளையத்தில் ஒவ்வொன்றும் ஒலி எழுப்பி, எல்லாமே கேட்பதாகக் கொண்டால், ஓர் அடுக்குக்கு 2048-ஐ 2048-ஆல் பெருக்கிய அளவு, அதாவது ஏறக்குறைய 42 லட்சம் ஒலிப் பதிவுகள் சேரும். வளையத்தின் 22 சென்டிமீட்டர் விட்டத்தைக் கடக்க ஒலிக்கு 150 மைக்ரோநொடி போதும் (மைக்ரோநொடி என்பது நொடியின் 10 லட்சத்தில் ஒரு பங்கு). 200 மைக்ரோநொடிப் பதிவை நொடிக்கு 1.2 கோடி முறை அளந்து வைத்தால், ஓர் அடுக்குக்கே சுமார் 20 ஜிகாபைட் தரவு வரும். அளவீட்டைச் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். அதைப் படமாக்குவதில்தான் நேரம் போகிறது.

படமாக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒலி ஒரு கதிரைப் போலச் செல்வதாக வைத்துக்கொண்டு, அது வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் பார்த்து, வழியில் இருந்த வேகத்தைக் கணக்கிடுவது. இது நிமிடங்களில் முடியும். ஆனால் ஒலி கதிரல்ல, அலை. வழியில் உள்ள சிறு பொருளைச் சுற்றி வளைந்து சென்றுவிடும். கதிர்முறையில் பிரித்துக் காணக்கூடிய மிகச் சிறிய பொருளின் அளவு, அலைநீளத்தையும் கடந்த தூரத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவதற்கு நெருக்கமானது. 1 மெகாஹெர்ட்ஸ் ஒலியின், அதாவது நொடிக்கு 10 லட்சம் முறை அதிரும் ஒலியின், அலைநீளம் 1.5 மில்லிமீட்டர்; கடக்கும் தூரம் 15 சென்டிமீட்டர் என்றால், விடை 15 மில்லிமீட்டர். முழு அலையையும் கணக்கில் எடுத்தால் அலைநீளத்தில் பாதி வரை, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இறங்க முடியும். தொடக்க நிலையில் இருக்கும் கட்டியைத் தேடும் ஒருவருக்கு இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. கதிர்முறை வேகமானது என்பதற்காக அதோடு நிறுத்திக்கொள்ள முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

முழு அலையையும் பயன்படுத்தும் முறையை நாங்கள் முழு அலைவடிவத் தலைகீழ்க் கணிப்பு என்போம். 1980-களில் எண்ணெய் வளம் தேடும் நில அதிர்வு ஆய்வுக்காக உருவானது இது. ஆல்பெர் டரான்டோலா 1984-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையினர் எல்லோரும் படித்த ஒன்று. மார்பகத்தின் வேக வரைபடத்தை முதலில் ஊகமாக வைத்துக்கொள்கிறோம். அலை எப்படிப் பரவும் என்று சொல்லும் அலைச் சமன்பாட்டை அதன் வழியே கணினியில் ஓட்டி, ஒவ்வொரு டிரான்ஸ்டியூசரும் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று கணிக்கிறோம். உண்மையில் அது கேட்டதோடு ஒப்பிட்டு, வேறுபாடு குறையும் வகையில் வரைபடத்தைத் திருத்துகிறோம். இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம். திருத்த வேண்டிய திசையைக் கண்டுபிடிப்பதில் ஓர் அழகு இருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதை நினைக்கும்போது எனக்கு வியப்புக் குறையவில்லை. 22 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தை 0.3 மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 5.4 லட்சம் கட்டங்கள் வரும். ஒவ்வொரு கட்டத்தின் வேகத்தையும் தனித்தனியே சிறிது மாற்றி விளைவைப் பார்ப்பதென்றால் 5.4 லட்சம் முறை அலையை ஓட்ட வேண்டும். அதற்குப் பதிலாக, கணிப்புக்கும் பதிவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்கும் இடங்களிலிருந்து காலத்தில் பின்னோக்கி ஓட்டி, முன்னோக்கி ஓடிய அலையோடு ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கிக் கூட்டினால், எல்லாக் கட்டங்களுக்கும் உரிய திருத்தத் திசை ஒரே வீச்சில் கிடைத்துவிடும். 5.4 லட்சம் ஓட்டங்கள் இரண்டாகின்றன.

அப்படியும் அந்த இரண்டு ஓட்டங்கள் ஒவ்வொரு ஒலி மூலத்துக்கும் தனியே தேவை. 2048 மூலங்கள் என்றால் ஒரு சுற்றுக்கு 4096 ஓட்டங்கள். 30 சுற்றுகள் போனால் ஓர் அடுக்குக்கு 1,22,880 ஓட்டங்கள். இங்கேதான் கணிதம் இரண்டாவது முறையாகக் கைகொடுக்கிறது. அலைச் சமன்பாடு மூலத்தைப் பொறுத்தவரை நேரியல் தன்மை உடையது. பல மூலங்கள் ஒன்றாக ஒலித்தால் வரும் அலை, அவை தனித்தனியே ஒலித்தால் வரும் அலைகளின் கூட்டுத்தொகை. எனவே ஒவ்வொரு மூலத்துக்கும் கூட்டல் அல்லது கழித்தல் குறியைக் குலுக்கல் முறையில் கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூலமாக ஓட்டலாம். பதிவுகளையும் அதே குறிகளால் கூட்டி ஒப்பிடலாம். அடுத்த சுற்றில் குறிகளை மாற்றிவிட வேண்டும். மூலங்கள் ஒன்றோடொன்று கலப்பதால் எழும் பொய்ச் சுவடுகள் சுற்றுக்குச் சுற்று மாறி, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும்; உண்மையான திருத்தம் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். நில அதிர்வு ஆய்வில் பழகிய இந்த உத்தியை மார்பகப் படத்துக்குக் கொண்டுவந்த ஆய்வு 2015-இல் வெளியானது. சுற்றுகளின் எண்ணிக்கை கூடும். 200 சுற்றுகள் தேவை என்றே கொண்டாலும் மொத்த ஓட்டங்கள் 400-தான். 1,22,880-க்கும் 400-க்கும் இடையே 300 மடங்கு இருக்கிறது.

இது இலவசமாகக் கிடைப்பதில்லை. எல்லா மூலங்களையும் எல்லாச் செவிகளும் கேட்டிருந்தால்தான் பதிவுகளை இப்படிக் கூட்ட முடியும். மூலத்துக்கு மிக அருகிலுள்ள டிரான்ஸ்டியூசர்களின் பதிவு பயன்படாமல் போவது வழக்கம். பழுதானவை சிலவும் இருக்கும். அந்த ஓட்டைகளை எதைக் கொண்டு நிரப்புவது என்பது சாதாரணக் கேள்வியல்ல; தவறாக நிரப்பினால் பிழை படம் முழுவதும் பரவும். வேகத்தை மட்டும் எண்ணிப் பார்க்கும் செய்திகளில் இதுபோன்றவை இடம்பெறுவதில்லை என்பது என் ஆதங்கம்.

முடிவு சரியாக வருமா என்பதையும் வேகத்தையும் பிரித்துப் பார்க்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. மார்பகம் முழுவதும் நீரைப் போன்றது என்று ஊகித்துத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1500 மீட்டர் வேகத்தில் 10 சென்டிமீட்டரைக் கடக்க 66.7 மைக்ரோநொடி ஆகும். வழி முழுவதும் கொழுப்பாக இருந்தால் 69 மைக்ரோநொடி ஆகும். வேறுபாடு 2.3 மைக்ரோநொடி. 1 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைவுக்கு ஆகும் நேரமோ 1 மைக்ரோநொடி. அதாவது கணித்த அலை, பதிவான அலையிலிருந்து இரண்டு அலைவுகளுக்கு மேல் தள்ளி நிற்கிறது. கணினி பக்கத்திலிருக்கும் முகட்டோடு முகட்டைப் பொருத்திக்கொண்டு, பொருந்திவிட்டது என்று திருப்தியடைந்து, தவறான படத்தில் நின்றுவிடும். நில அதிர்வுத் துறையில் இந்தப் பிழையால் நாங்கள் இழந்த மாதங்களை எண்ணிச் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பாருங்கள்: 1 சென்டிமீட்டர் கட்டி, தன்னைச் சூழ்ந்த கொழுப்பைவிட ஒலியை அரை மைக்ரோநொடிக்கும் குறைவாகவே முந்தச் செய்யும். அந்தச் சிறு முந்தலைத் தேடுகிறவர்கள் இரண்டு அலைவுப் பிழையைச் சுமந்துகொண்டு தொடங்க முடியாது.

மருந்து இரண்டு. முதலில் கதிர்முறையில் ஒரு மங்கலான படத்தை எடுத்து அதையே தொடக்க ஊகமாக வைத்துக்கொள்ளலாம். நான் மேலே குறை சொன்ன முறை இங்கே நல்ல துணையாகிறது. அல்லது தாழ்ந்த அதிர்வெண்ணில் தொடங்கிப் படிப்படியாக மேலே போகலாம். பின்னதில் வேகமும் சேர்ந்தே கிடைக்கிறது. அதிர்வெண்ணை இரு மடங்காக்கினால் கட்டங்கள் ஒவ்வொரு திசையிலும் இரு மடங்காகும். அலையை நகர்த்திக் கணிக்கும் சிறு நேர இடைவெளிகளான காலப் படிகளும் இரு மடங்காகும். ஆகவே தட்டையான அடுக்கில் வேலை 8 மடங்காகவும், முப்பரிமாணத்தில் 16 மடங்காகவும் பெருகும். பெரும்பாலான சுற்றுகளைத் தாழ்ந்த அதிர்வெண்ணில் முடித்து, உயர்ந்த அதிர்வெண்ணுக்குச் சிலவற்றை மட்டும் ஒதுக்கினால் நேரம் வெகுவாகக் குறையும். ஆனால் டிரான்ஸ்டியூசர்கள் தாழ்ந்த அதிர்வெண்ணில் போதிய பலத்தோடு ஒலிக்க வேண்டும். 3 மெகாஹெர்ட்ஸுக்காக வடிவமைக்கப்பட்ட ஒன்று அரை மெகாஹெர்ட்ஸில் கிசுகிசுக்கத்தான் செய்யும். வேகமான கணிப்பை விரும்புகிறவர்கள் கருவியை வடிவமைக்கும் மேசையிலேயே உட்கார வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதுவரை சொன்னது தட்டையான அடுக்குகளுக்கு. உண்மையில் ஒலி அடுக்குக்குள் அடங்கி நடப்பதில்லை. மேலும் கீழும் சிதறிச் செல்கிறது. அதை உள்ளபடி கணிக்க முப்பரிமாணம் வேண்டும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழகத்தில் கிண்ண வடிவில் டிரான்ஸ்டியூசர்களைப் பதித்த கருவியை அதற்காகவே உருவாக்கினார்கள். 20, 20, 12 சென்டிமீட்டர் பக்கங்கள் கொண்ட பெட்டியை அதே 0.3 மில்லிமீட்டரில் பிரித்தால் 17.8 கோடி கட்டங்கள். பின்னோக்கிய அலையோடு பெருக்குவதற்காக முன்னோக்கிய அலையின் 2000 காலப் படிகளையும் சேமிப்பதென்றால் 1.4 டெராபைட் நினைவகம் தேவைப்படும், அதுவும் ஒரே ஓட்டத்துக்கு. ஆகவே சில படிகளை மட்டும் வைத்துக்கொண்டு, இடைப்பட்டவற்றைத் தேவைப்படும்போது மறுபடி கணிக்கிறார்கள். கணிப்பைக் கூட்டி நினைவகத்தைக் குறைக்கும் பேரம் இது. தட்டையான அடுக்கில் மிகச் சிறப்பாக உதவும் இன்னொரு உத்தியும், அதாவது ஓர் அதிர்வெண்ணுக்கான சமன்பாட்டுத் தொகுதியை ஒரே முறை பகுத்து வைத்துக்கொண்டு 2048 மூலங்களுக்கும் அதையே பயன்படுத்தும் உத்தியும், முப்பரிமாணத்தில் நினைவகத்தில் அடங்காமல் கைவிட்டுவிடுகிறது. ஜி.பி.யூ. எனப்படும் வரைகலைச் செயலிகள் பெரிதும் துணைசெய்கின்றன. பக்கத்துக் கட்டங்களைப் படித்து நடுக் கட்டத்தைத் திருத்தும் இந்த வேலையில் பெருக்கல் வேகத்தைவிட நினைவகத்திலிருந்து எண்களை எடுத்துவரும் வேகமே எல்லையிடுகிறது, அதில் அவை வலுவானவை. ஆனால் செயலியை மாற்றி 10 மடங்கு பெறுகிறவர், முறையை மாற்றி 300 மடங்கு பெற்றவருக்குப் பின்னால்தான் நிற்கிறார்.

இவ்வளவு அவசரம் எதற்கு, அறிக்கை மறுநாள் வந்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். தோலில் ஒட்டிய ஒரு காற்றுக் குமிழி படத்தைக் கெடுத்துவிடும். மார்பகத்தின் ஒரு பகுதி நீருக்குள் சரியாக இறங்காமல் போகலாம். நீரின் வெப்பம் 1 டிகிரி மாறினால் அதில் ஒலியின் வேகம் நொடிக்கு 2 முதல் 3 மீட்டர் மாறும். அது கணக்கில் வராவிட்டால் படம் முழுவதும் பிழைபடும். இவற்றை அந்தப் பெண் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் கண்டால், மறுபடி எடுக்கச் சில நிமிடங்கள் போதும். அடுத்த நாள் கண்டால், அவரை மறுபடி அழைக்க வேண்டும். அழைப்புக் கடிதத்தைப் பார்த்ததும் அவர் மனத்தில் முதலில் தோன்றுவது காற்றுக் குமிழியாக இருக்காது. மற்றொன்று, ஒருவருக்குப் பரிசோதனை 15 நிமிடமும் கணிப்பு 1 மணி நேரமும் ஆவதாகக் கொண்டால், 8 மணி நேரத்தில் வந்த 32 பேரின் படங்களுக்கு 32 மணி நேரம் வேண்டும். நாளுக்கு நாள் குவியும் இந்தப் பாக்கியோடு எந்தப் பரிசோதனைத் திட்டமும் நடக்க முடியாது.

இனி, நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். செயற்கை நுண்ணறிவு இந்தப் படத்தை நொடிகளில் தந்துவிடும் என்ற செய்திகள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஆயிரக்கணக்கான பதிவுகளையும் அவற்றுக்குரிய படங்களையும் காட்டிப் பழக்கிய நியூரல் நெட்வொர்க் என்ற கணினி நிரல், புதிய பதிவைக் கண்டதும் படத்தை வரைந்துவிடுகிறது. அலைச் சமன்பாட்டை ஒருமுறைகூட ஓட்டுவதில்லை. வரைவது அழகாகவும் இருக்கும். ஆனால் அது பழகிய மார்பகங்களில் பெரும்பாலானவை கணினியிலேயே உருவாக்கப்பட்டவை. பழக்கத்தில் வராத ஒரு கட்டியைச் சுற்றியிருக்கும் திசுவோடு இழைத்துச் சமன்படுத்திவிடவும், இல்லாத ஒன்றை இருக்கக்கூடிய இடத்தில் வரைந்துவிடவும் அதனால் முடியும். பிழையோடு வரும் பழைய முறைப் படம் மங்கலாகவோ கோடுகளோடோ இருந்து, பார்ப்பவரை எச்சரிக்கும். நெட்வொர்க்கின் பிழைக்கு அப்படி ஓர் அடையாளமும் இருக்காது.

அதை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தொடக்க ஊகத்தைத் தரவும், ஒவ்வொரு சுற்றிலும் திருத்தத்தைச் செம்மைப்படுத்தவும் அது பயன்படுமானால், 200 சுற்றுகள் 20 ஆகலாம். அதை நான் மனமார வரவேற்பேன். ஒரே ஒரு நிபந்தனை வைக்க வேண்டும். எந்த முறையில் கிடைத்த படமாக இருந்தாலும், அதை வேக வரைபடமாக வைத்து அலையை மீண்டும் ஒருமுறை ஓட்டி, டிரான்ஸ்டியூசர்கள் உண்மையில் பதிந்ததோடு ஒப்பிட்டு, எஞ்சிய வேறுபாட்டைப் படத்தோடு சேர்த்து மருத்துவரிடம் தர வேண்டும். மேலே சொன்ன குலுக்கல் குறிகளைப் பயன்படுத்தினால் இதற்குச் சில ஓட்டங்களே போதும். வேறுபாடு சிறியது என்பதாலேயே படம் சரி என்று உறுதிகூற முடியாது; ஒரே பதிவுக்குப் பொருந்தும் படங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். ஆனால் வேறுபாடு பெரியதாக இருந்தால் அந்தப் படம் இந்தப் பெண்ணுடையதல்ல என்பது உறுதி. இவ்வளவு குறைந்த செலவில் கிடைக்கும் ஒரு சோதனையை, வேகத்தின் பெயரால் விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய கருவிகளைப் பற்றி எழுதும்போது, படம் எத்தனை நொடியில் வருகிறது என்று கேட்கும் தங்கள் செய்தியாளர்கள், பதிவோடு ஒப்பிட்ட பின் எஞ்சிய வேறுபாடு எவ்வளவு என்றும், தட்டையான அடுக்கா முப்பரிமாணமா என்றும், சோதித்தது கணினியில் உருவாக்கிய மார்பகத்திலா உண்மையான பெண்களிடமா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டுகிறேன். விடை சொல்ல அறிவியலாளர்கள் தயங்க மாட்டார்கள். கேட்பவர் இல்லாததால்தான் அந்த எண்கள் செய்தியில் வருவதில்லை.

கணிதமோ கணினியியலோ படிக்கும் மாணவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். இந்தத் துறைக்குள் நுழைய நீர்த்தொட்டியோ வளையமோ தேவையில்லை. பிராட்லி ட்ரீபியும் பென் காக்ஸும் 2010-இல் வெளியிட்ட கே-வேவ் என்ற மென்பொருள் யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது; அதைக் கொண்டு ஒரு சாதாரணக் கணினியிலேயே தட்டையான வளையம் ஒன்றை அமைத்து, கொழுப்புக்குள் ஒரு சிறு கட்டியை வைத்து, அலையை ஓட்டிப் பார்க்கலாம். 64 டிரான்ஸ்டியூசர்களோடு தொடங்குங்கள். முதலில் நீரை ஊகமாக வைத்து, மேலே சொன்ன இரண்டு அலைவுப் பிழையில் கணிப்பு சிக்கிக்கொள்வதைக் கண்ணால் பாருங்கள். பிறகு அதிர்வெண்ணைக் குறைத்து மறுபடி தொடங்கி, கட்டி மெல்ல மெல்லத் தன் இடத்தில் தெளிந்து வருவதைப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்